த்ரைவிங் என்ற சொல்லும் பழவங்காடித் தேங்காயும்

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். வழியனுப்பு விழாவில் போர்த்திய சால்வை பீரோவில் மடிந்து கிடக்கும். எனக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. திருவனந்தபுரத்தில் இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தமிழ் மேசையை விட்டு அடுத்த வாரம் வேறு வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். எனக்குச் சால்வை போர்த்துவதாக யாரும் சொல்லவில்லை.

ஆனால் என் நாற்காலிக்கு வரப்போகிற உங்கள் இருவரையும் நேற்றுப் பார்த்தேன். ஒருவர் கையில் தடித்த ஆங்கிலம்–தமிழ் அகராதி இருந்தது. அதைப் பார்த்ததும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நானும் அதே அகராதியோடுதான் வந்தேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். நாகர்கோவில், தக்கலை, வள்ளியூர் என்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நம் டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. சினிமாத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் ஓர் அம்மா வந்து "பிள்ளைக்கு உரம் விழுந்துட்டு" என்றால், கழுத்தோ முதுகோ பிடித்துக்கொண்டு அழுகிறது என்று புரிய சினிமா கைகொடுக்காது. அதற்காகத்தான் வெளி மேசையில் நர்ஸ் சிஸ்டருக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு நாற்காலி.

இந்த வேலை கிடைத்தபோது நான் தரையில் நடக்கவில்லை. போனக்காட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். ஆங்கிலத்தில் பட்டம் வேறு. என் அப்பா லயம் முழுக்கப் போய், "நம்ம பிள்ளை டாக்டருக்கே பேச்சு சொல்லிக் குடுக்குது" என்று சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. ஏறக்குறைய அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மயோட சோதிக்கூ, பேபி த்ரைவிங் ஆணோ?" என்றார். குழந்தை த்ரைவிங்கா என்று தாயிடம் கேள், என்று அர்த்தம்.

எனக்கா தெரியாது அந்தச் சொல்? கல்லூரிக் கட்டுரையில் இந்த ஊரை ஒரு த்ரைவிங் நகரம் என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். கல்லாற்றில் நான்கு டீக்கடை கூடினால் பத்திரிகைக்காரர்கள் அங்கே த்ரைவிங் டூரிசம் என்று எழுதுவதையும் படித்திருக்கிறேன். அகராதியில் 'செழித்து வளர்கின்ற' என்று போட்டிருக்கிறது. குழந்தையின் தாய் உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற தகப்பனாரிடம், தமிழாசிரியை மாதிரி நிமிர்ந்து கேட்டேன்:

"எல்லாம் செழிப்பாக வளர்கிறதா?"

அவர் மார்த்தாண்டம் பக்கம் வாழை போட்டிருப்பவர். முகம் வாடிவிட்டது. "செழிப்பு எங்க மேடம்? போன மாசம் அடிச்ச காத்துல பாதி சாஞ்சிட்டு."

சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டவும் குறைக்கவும் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பாதி விழுந்துவிட்டதாம் டாக்டர்.

டாக்டர் எழுந்து உள்ளே போய்க் குழந்தையை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். எது விழுந்தது என்று தேடியிருப்பார். சிஸ்டர் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். என் வயதுதான் அவளுக்கு. அன்றிலிருந்து எனக்குப் பெயர் த்ரைவிங். "எடீ த்ரைவிங், சாயா குடிச்சோ?" என்றுதான் கூப்பிடுவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வெளியே ஒரு மாதிரி நடக்கும், ஆஸ்பத்திரிக்குள் வேறு மாதிரி நடக்கும். வெளியே வியாபாரம், நகரம், டூரிசம் எல்லாம் த்ரைவிங். உள்ளே அது பெரும்பாலும் 'இல்லை' என்பதோடு சேர்ந்துதான் வரும். உயரம் கூடினால் மட்டும் போதாது. நகமும் முடியும் கூடத்தான் வளர்கின்றன. உண்பது உடம்பில் ஒட்ட வேண்டும், கண் சுழல வேண்டும், கையைக் காலை ஆட்ட வேண்டும், அழுகையில் ஒரு பலம் இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற ஒரே சொல் அது. எங்கள் மேசையில் அதுதான் பிரிக்கிற கேள்வி. ஆம் என்றால் குழந்தை சளி, காய்ச்சல் பார்க்கிற வெளி டாக்டரிடம் போய் மருந்து வாங்கி வீட்டுக்குப் போகும். இல்லை என்றால் அன்றே பெரிய டாக்டரிடம்.

செழிப்பை விட்டுவிட்டு "நல்லா வளருதா?" என்று கேட்க ஆரம்பித்தேன். இப்போது புதிய சங்கடம் வந்தது. யாருமே ஆம் என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வெளி ஆள் முன்னால் ஒரு தாய் சொல்லமாட்டாள். கண் பட்டுவிடும். கையில் மடிப்பு மடிப்பாகச் சதை தொங்குகிற பிள்ளையை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒண்ணும் திங்க மாட்டான் மேடம், எலும்பும் தோலுமா ஆயிட்டான்" என்பாள். நானும் அப்படியே சொல்வேன். டாக்டர் பதறிப்போய் ரத்தப் பரிசோதனை எழுதுவார். முடிவு வந்து பார்த்தால் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்காது. ஊசி குத்தின கோபம் மட்டும்தான் இருக்கும்.

இதை நான்தான் டாக்டருக்கு விளக்கினேன். எங்கள் லயத்திலும் இதே வழக்கம்தான், எனக்குத் தெரியாதா? டாக்டர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, "வெரி யூஸ்ஃபுல்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தலை பூசணிக்காயாகிவிட்டது. அதன் பிறகு நான் அவர்கள் சொன்னதைச் சொல்வதை விட்டுவிட்டேன். அவர்கள் என்ன நினைத்துச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வேலையும் வேகமாக நடந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இந்த நிலையில்தான் ஆரல்வாய்மொழி பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை வந்தான்.

எட்டு மாதக் குழந்தை. விடாத இருமல். தூக்கி வந்தது சின்னப் பெண்ணாக இருந்த அம்மா. கூட வந்தது அவள் கணவனின் அக்கா. அம்மா அவளை மைனி, மைனி என்று கூப்பிட்டதால் நானும் மனதுக்குள் அப்படியே வைத்துக்கொண்டேன். கணவன் துபாயில். எனவே பிள்ளையைப் பற்றிய எல்லாப் பேச்சும் மைனியுடையது. அம்மாவுக்குத் தூக்குகிற வேலை மட்டும்.

எடை பார்க்க உடுப்பைக் கழற்றச் சொன்னாள் சிஸ்டர். மைனி தொப்பியைக்கூடக் கழற்ற விடவில்லை. "சளி பிடிச்ச பிள்ளைக்கு உடுப்ப அவுப்பாங்களா? அரைஞாணையும் காப்பையும் கழத்தவே கூடாது." கம்பளித் தொப்பி, வெள்ளி அரைஞாண், காப்பு, தடித்த ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்து மெஷினில் ஏறின. எடை மோசமாகத் தெரியவில்லை.

"பிள்ளை நல்லா வளருதா அக்கா?" என்றேன்.

"எங்க வளருகான்? என்னத்த திங்கான்? ஒரு வாய் பால் இறங்க மாட்டேங்கு. காத்தடிச்சா பறந்திருவான்" என்றாள் மைனி.

நான் சிஸ்டரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். பழைய பாட்டுத்தான் என்று அர்த்தம். அப்போது அம்மா மெல்ல, "பால் குடிக்கச்சில நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துகு அக்கா" என்றாள்.

"திருவனந்தபுரத்துல யாருக்கும்மா வேர்க்கல?" என்றேன் நான். பெரிய நகைச்சுவை சொன்ன நினைப்பு. சிரிக்க ஆளில்லாததால் நானே சிரித்துக்கொண்டேன். சிஸ்டர் அடுத்த குழந்தையைத் தூக்கத் திரும்பியிருந்தாள், இதைக் கேட்கவில்லை. "த்ரைவிங்தான், வெளி டாக்டருக்குப் போகட்டும்" என்று அவளிடம் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மா முகம் வாடியிருந்ததைப் பார்த்து, தைரியம் சொல்லலாம் என்று தோன்றியது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க பிள்ளை ஜம்முன்னு இருக்கான். குண்டுப் பையன்!" என்று சொல்லி அவன் கன்னத்தையும் கிள்ளினேன்.

மைனியின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையை வெடுக்கென்று வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். போகிறபோது அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "எல்லாத்தையும் வாயால அள்ளிப் போட்டுட்டா. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைக்காம பஸ் ஏறப்பிடாது, கேட்டியா?"

வெளி டாக்டரின் அறையில் பிள்ளை கத்திய கத்தலில் நெஞ்சுக்குள் எதைக் கேட்டிருக்க முடியும்? இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார். அவருக்கு வந்து சேர்ந்த சேதி த்ரைவிங் என்பதுதானே.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சிஸ்டரும் நானும் சாயா குடித்தோம். அவளைச் சிரிக்க வைக்கத்தான் அந்தக் கதையை எடுத்தேன். "அந்த அம்மா என்ன சொன்னா தெரியுமா? பால் குடிக்கும்போது பிள்ளைக்கு நெத்தி வேர்க்குதாம். திருவனந்தபுரத்துல…"

அவள் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தாள். "எந்தா பறஞ்ஞே? குடிக்கும்போ மாத்ரமா? சும்மா இருக்கும்போ வேர்க்கலயா?"

"குடிக்கும்போதுன்னுதான் சொன்னா."

"ஒரு வாய் இறங்கலன்னும் சொன்னாளா? நடுவில நிறுத்தி மூச்சு வாங்குதா? சோதிச்சோ நீ?"

நான் கேட்டிருக்கவில்லை. இதயத்தில் கோளாறு உள்ள குழந்தைக்குப் பால் உறிஞ்சுவதே மலை ஏறுகிற வேலை என்று அப்போதுதான் அவள் எனக்குச் சொன்னாள். கொஞ்சம் குடித்ததும் களைக்கும், வேர்க்கும், விட்டுவிடும். சளி விடாமல் பிடிக்கும். "எடீ, இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஆனா அது பார்க்காம வீட்டுக்குப் போகக் கூடாது."

அவர்கள் கொடுத்திருந்த நம்பரில் கூப்பிட்டோம். துபாயில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நாகர்கோவில் பஸ் பிடித்தால் பிடித்ததுதான். அடுத்து இருமல் கூடினால் வருவார்கள், அல்லது குண்டுப் பையன்தானே என்று வராமலே இருப்பார்கள். சிஸ்டர் பெரிய டாக்டரிடம் சொல்ல உள்ளே ஓடினாள். நான் வெளியே ஓடி ஆட்டோ பிடித்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தவள், பழவங்காடிக்கு என்றேன்.

செக்ரடேரியட் முன்னால் வழக்கம்போல ஏதோ தர்ணா. ஆட்டோ ஸ்டாச்சூ சந்திப்பில் நின்றுவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தபோது என்ன யோசித்தேன் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளையைப் பற்றி என்று சொன்னால் நன்றாக இருக்கும். டாக்டர் இனி என்னை யூஸ்ஃபுல் என்று சொல்லமாட்டாரே என்றுதான் முதலில் யோசித்தேன். பிள்ளையின் நினைவு ஓவர்பிரிட்ஜ் வந்த பிறகுதான் வந்தது.

பழவங்காடிக் கணபதி முன்னால் தேங்காய் எறிகிற இடத்தில் நல்ல கூட்டம். சத்தம் வெடி மாதிரி. வரிசையின் நடுவில் அந்தக் கம்பளித் தொப்பி தெரிந்தது. மைனி கையில் தேங்காயோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

"இங்கயும் வந்துட்டியா? ஒரு தேங்கா போதாது போலிருக்கே."

"அக்கா, நீங்க திரும்ப வரணும். பெரிய டாக்டர் பார்க்கணும்."

"எதுக்கு? நீதான ஜம்முன்னு இருக்கான்னு ஊரு கேக்கக் கத்தின? இப்பம் என்னா?"

இதயம் என்று சொன்னால் அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றால் மைனி பஸ் ஏறிவிடுவாள். எது உண்மை என்று எனக்கும் தெரியாது. எனவே வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டேன். மைனியிடம் அல்ல, அம்மாவிடம்.

"பால் குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து என்ன நடக்கும்னு சொல்லுங்க. நல்லா குடிக்கானா இல்லையான்னு சொல்ல வேண்டாம். அவன் என்ன செய்வான்னு மட்டும் சொல்லுங்க."

அவள் மைனியைப் பார்த்தாள். பிறகு கடகடவென்று வந்தது. "ஆசையாத்தான் பிடிப்பான். நாலு இழுப்பு இழுப்பான். உடனே விட்டுட்டு மூச்சு வாங்குவான். நெத்தி, தலையெல்லாம் நனைஞ்சு போவும். திரும்பப் பிடிப்பான், திரும்ப விட்டுருவான். அப்பிடியே களைச்சு உறங்கிருவான். பசியோடதான் உறங்குகான்னு எனக்குத் தெரியும் அக்கா. பிள்ளை தேறல. ரெண்டு மாசமா தேறவே இல்ல. யாருகிட்ட சொன்னாலும் எல்லாத் தாய்மாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்கன்னு சொல்லுகாங்க."

தேறல. எங்கள் லயத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் காதில் விழுந்த சொல்! என் அம்மா என்னைப் பற்றியே சொன்ன சொல். எஸ்டேட் பேச்சு என்று நான் மூட்டை கட்டி மலைமேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். டாக்டர் முதல் நாள் கேட்டது இதைத்தான்.

"நான் சும்மா வாய்க்குத்தான் ஒண்ணும் திங்கல்லன்னு சொன்னேன்…" என்றாள் மைனி. அவள் குரல் இறங்கியிருந்தது. "அது நெசமாவே அப்பிடியா இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

"நடங்க" என்றேன்.

"நில்லு." மைனி தேங்காயை என் கையில் திணித்தாள். "வாய் வச்சது நீ. நீயே உடை."

நான் எறிந்தேன். கல்லில் பட்டு, உடையாமல் துள்ளி, பக்கத்தில் நின்றவர் காலடிக்கு உருண்டு போனது. "இதுகூடவா பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல?" என்றாள் மைனி. எடுத்து மறுபடி எறிந்தேன். இந்த முறை என் வெட்கம், அகராதி, பூசணிக்காய்த் தலை எல்லாம் சேர்ந்து சிதறியது. மூன்று பேரும் பிள்ளையோடு ஆட்டோவில் ஏறினோம்.

பெரிய டாக்டர், பிள்ளை மைனியின் தோளில் உறங்கும்வரை காத்திருந்து, நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு ஸ்கேன். இதயத்தில் ஓர் ஓட்டை. மருந்தில் கொஞ்ச நாள், பிறகு ஓர் ஆபரேஷன், சரியாகிவிடும் என்றார். இந்த முறை நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. அந்த அம்மா அழுதாள். பிறகு, "கண்டுபிடிச்சிட்டாங்கல்லா அக்கா" என்றாள்.

டாக்டர் என்னை யூஸ்ஃபுல் என்று அப்புறம் சொல்லவே இல்லை. திட்டவும் இல்லை. "இனி எங்ஙனயா சோதிக்கறது?" என்று மட்டும் கேட்டார். இனி எப்படிக் கேட்பாய் என்று.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் நான் உங்களுக்கு விட்டுப் போகிறது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஜனத்திடம் ஒரே பதில்தான் உண்டு. நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் அதுதான், நலிந்த பிள்ளைக்கும் அதுதான். கண்ணுக்குப் பயந்து சொல்கிறாளா, உள்ளதைச் சொல்கிறாளா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளை என்ன செய்கிறான் என்று கேளுங்கள். எதைப் பிடிக்கிறான், எதை எறிகிறான், பால் முடிந்ததும் என்ன ஆகிறது. த்ரைவிங்கா இல்லையா என்பதை அதிலிருந்து டாக்டர் முடிவு செய்யட்டும். அதற்குத்தான் அவர் படித்திருக்கிறார். அகராதி வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலி கொஞ்சம் தாழ்வு, அதை மேலே போட்டு உட்கார்ந்தால் உயரம் சரியாக இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்து, போன வாரம் அவர்கள் செக்கப்புக்கு வந்தார்கள். பையன் இப்போது நடக்கிறான். மேசைமேல் உட்கார வைத்ததும் சிஸ்டரின் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்தான்.

"என்ன செய்கான் அக்கா?" என்று மைனியிடமே கேட்டேன்.

"என்னத்த செய்கான்? ஒண்ணும் திங்க மாட்டான்" என்று ஆரம்பித்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை. "தோசையை எடுத்துப் பூனைக்குப் போடுகான், பூனைக்கு வச்ச சோத்தை இவன் அள்ளுகான். அடுப்படிக் கதவ அடைச்சா தலையால முட்டுகான். நேத்து என் கண்ணாடிய உடைச்சிட்டான், நாசமாப் போறவன்."

நான் டாக்டரின் பக்கம் குனிந்தேன். நடந்ததை நடந்தபடியே மொழிபெயர்த்தேன், பூனை உட்பட. டாக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, உதடு அசையாமல், அந்த ஒரு சொல்லைச் சொன்னேன்.

மைனிக்குப் பாம்புச் செவி. "இப்பம் என்னமோ இங்கிலீஷ்ல சொன்னியே, என்னா?"

"ஒண்ணும் இல்ல அக்கா. ஏதோ சுமாரா இருக்கான்னு சொன்னேன்."

"ம்" என்றாள். பிறகு மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே, பிள்ளையின் மாற்று உடுப்புக்கும் பால் புட்டிக்கும் நடுவில், மட்டை உரித்த தேங்காய் ஒன்று இருந்தது.

"உன் மூஞ்சியப் பாக்கப் போறோம்ல," என்றாள். "வரச்சிலயே வாங்கிட்டு வந்துட்டேன்."